கரைந்த ஆக்சிஜன்: 6.2

முகூர்த்த நாள் எதுவென்று தெரிய
எனக்குக் காலண்டர் வேண்டாம்.
காரைக்குடி மண்டபங்கள் கழுவிவிட்ட எண்ணெய்
மறுநாள் காலை ஆறரைக்கு
எங்கள் சல்லடைக் கம்பியில் வந்து தொங்கும்.
கூடவே இலை நரம்பு,
யாரோ கிழித்துப் போட்ட மொய்க் கவர்,
ஒரு தடவை ஒற்றை மெட்டி.

பயிற்சி ஆறு மாதம், உதவித்தொகை எட்டாயிரம்.
பள்ளத்தூரில் முதல் பஸ்.
கழுத்து அட்டையைப் படித்த பக்கத்து சீட்டு அக்கா
"தண்ணீர்த் தர ஆய்வகம்னா
மினரல் வாட்டர் கம்பெனியா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

நாற்றம் மூன்று நாள்தான்.
நாலாம் நாள் மூக்கும் ஒரு கருவி.
அழுகிய முட்டை அடித்தால் எங்கோ காற்றுக் குழாய் அடைப்பு.
நல்ல சகதி
முதல் தூறல் பட்ட செம்மண் போல மணக்கும்.
சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

பியூரெட்டுக்குக் கை பழக ஒரு மாதம்.
நீலம் போகிற அந்த ஒரு துளியில் நிற்க வேண்டும்.
அடுத்த துளிக்கும் நிறமில்லை,
அதற்கடுத்ததற்கும் இல்லை.
தாண்டிப் போனவளுக்கு
தாண்டியது தெரியவே தெரியாது.

நுண்ணோக்கியில் அவர்கள் இருந்தார்கள்.
காம்பு சுருட்டி, காம்பு நீட்டி, மணிமணியாய்.
ஊர் கழித்ததைத் தின்று
ஊருக்குத் தண்ணீர் திருப்பித் தருகிற கூலிகள்.
புதுவயல் நைனா முகமது அவர்களுக்கு வருகைப் பதிவு எடுப்பான்:
"நாப்பத்தி மூணு பேர், ஒருத்தர் லீவு."

ஆவணி பிறந்த முதல் வியாழன்
காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் 6.2.
எப்போதும் இரண்டைத் தாண்டாது.
படித்ததெல்லாம் ஆக்சிஜன் என்றால் உயிர் என்றுதானே.
பச்சை மையில் எழுதி
ஓரத்தில் 'மிக நன்று' என்றும் போட்டேன்.

நைனா கண்ணை வைத்தான். எடுத்தான்.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.
எண்ணவில்லை.

நான் பார்த்தபோது
எல்லா மணிகளும் அறுந்து மிதந்தன.

சாப்பிட ஆளில்லாத வீட்டில்
சோறு மிஞ்சத்தானே செய்யும்.
6.2 என்பது
யாரும் இழுக்காத மூச்சு.

இரவு 'வீட்டுக் கழிவு' என்று கையெழுத்திட்டு
இறக்கிப் போன ஒரு லாரி.
வரவுக் குழியில் பி.ஹெச். மூன்றரை.
எந்தப் பட்டறை, எந்த அமிலம்,
வண்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் சேறு.

உறை மோருக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல
திருச்சிக்குப் போன் போட்டோம்.
இரண்டு டேங்கர் வந்தது, பழுப்பாய், நுரை தளும்ப.
சுண்ணாம்பு கலந்து சரிசெய்த தொட்டியில்
ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம்.
5.8. 5.5. 5.5. ஞாயிறும் வந்தேன்.
4.1.
ஒரு லிட்டர் குடுவையில் சகதி படிய முப்பது நிமிடம்;
அந்த முப்பதில்
என் இட்லி ஆறிக் கல்லாகும்.

பத்தாம் நாள் 1.9.
"குறஞ்சிருச்சும்மா!" என்று போனில் கத்தினேன்.
"யாருக்குடி காய்ச்சல்?" என்றாள் அம்மா.

பதிவேட்டில் வெள்ளை மை பூசக் கூடாது.
தப்பின் மேல் ஒரே கோடு,
கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி.
'மிக நன்று' இன்னும் நன்றாகவே தெரிகிறது.
பக்கத்தில் தேதி, உ.மீ. என்று என் சுருக்கொப்பம்.

நாளை வளர்பிறை முகூர்த்தம்.
நீளக் கையுறை ஒரு ஜோடிதான் இருக்கிறது,
அதிலும் இடது கையில் ஓட்டை.